அக்காவின் காரும் நாலு நாள் தாண்டிய ஸ்டிக்கரும்

அடுத்தவர் செய்த பொருளை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதற்காகவே முப்பது வருடமாக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை. அதில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி தொற்றிக்கொள்ளும். அளக்கிற மிஷின் எதைக் கண்டாலும் அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான் கண் முதலில் தேடும். கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், மறுபடி எப்போது சரிபார்க்க வேண்டும் என்று இரண்டு தேதி அதில் இருக்கும். காய்கறிக் கடைத் தராசைக்கூட நான் விட்டதில்லை. ஒருமுறை டாக்டர் எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகச் சொன்னார். அவர் மிஷினில் தேதி தாண்டியிருப்பதைக் காட்டினேன். அவருக்கும் கூடியது.

இந்த வியாதியால் நான் யாருக்காவது நல்லது செய்ததாக ஞாபகமில்லை. கெட்டது செய்த ஒரு வியாழக்கிழமை மட்டும் நிமிஷம் நிமிஷமாக ஞாபகமிருக்கிறது.

கெட்டது நடந்தது என் அக்காவுக்கு. விஜயா அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போயிற்று, வலது காலிலும் பாதி பலம்தான். அப்பா ரயில்வே உத்தியோகத்தில் மைசூருக்கு மாற்றலாகி வந்து எங்களை இங்கேயே வேர்விட வைத்தவர். அவர் போன பிறகு அக்கா குவெம்புநகர் வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டு. அவள் குரலுக்குப் பயந்து பிரின்சிபாலே ஃபைலைத் தானே எடுத்துவந்து கொடுப்பார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினாள். மண்டி மொஹல்லாவில் ஒரு மெக்கானிக் ஒரு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டு அதற்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இரும்புக் கோல். முன்னால் தள்ளினால் பிரேக், பக்கவாட்டில் திருப்பினால் ஆக்ஸிலரேட்டர். கிளட்ச் கியர்க் குமிழிலேயே இருக்கும். அந்த மெக்கானிக் இப்போது இல்லை. புதுக் காருக்கு அப்படிச் செய்து, அதை ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றி வாங்குவதற்கு அக்கா இரண்டு வருடம் விசாரித்துப் பார்த்தாள். "கொண்டுவாங்க மேடம், பாக்கலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். எதைக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆக, இந்தக் கார் ஓடினால்தான் அக்கா ஓடுவாள். இதை அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை போய் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள் அல்லவா? பழைய கார் அதைவிட மோசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வாயைத் திறந்து மூச்சை ஊதிக் காட்ட வேண்டும். இதற்கு எமிஷன் டெஸ்ட் என்று பெயர். பதினைந்து வயது தாண்டிவிட்டால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவையும் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும், மூப்படைந்த குற்றத்துக்குப் பசுமை வரி கட்ட வேண்டும். அக்காவின் கார் ஒரு நாளில் ஓடுவது எட்டு கிலோமீட்டர். எங்கள் தொழிற்சாலைச் சாலையில் தினமும் காலையில் யானை சைஸ் புது டீசல் வண்டிகள் ஆளுக்கு ஒன்றாக வரிசை கட்டிப் போகின்றன. அவற்றுக்கு வயது போதாது, அதனால் அவற்றின் புகைக்கு மரியாதை அதிகம். சட்டம் பிறந்த தேதியைப் பார்க்கிறது. (அந்த விஷயத்தில் சட்டமும் நானும் ஒரே ஜாதி.)

இரண்டாவது புதுப்பிப்புக்கு நாள் வந்தது. வியாழக்கிழமை பதினொன்றுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். சனிக்கிழமையோடு பதிவு காலாவதி. எமிஷன் சான்றிதழ் செல்லுபடியாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் மேற்கொண்டு நகரும். பழைய சான்றிதழோ புதன்கிழமையோடு முடிகிறது. பதினைந்து நாள் முன்னாலேயே அக்கா, "எமிஷன முதல்ல எடுத்துடலாமாடா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். சான்றிதழுக்கு ஆயுள் ஆறு மாதம். முன்னாலேயே எடுத்தால் பதினைந்து நாள் வீண்தானே? எங்கள் பண்டகசாலையில் இப்படித்தான் கணக்குப் போடுவோம் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். வியாழக்கிழமை காலையில் எமிஷன், கையோடு ஆர்.டி.ஓ., எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் குடும்பத்தில் நான் சொல்லி யாரும் தூங்காமல் போன வாக்கியங்களில் 'நான் பார்த்துக்கறேன்' முதலிடம்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். சைலன்சர் குழாயைப் பார்த்தால் உள்ளே கரியாக இருந்தது. கரி இருந்தால் புகை வராதா? பாட்டில் கழுவும் பிரஷ்ஷில் சோப்புத்தூளைத் தொட்டு, கை போகிற தூரம் வரை தேய்த்துக் குளிப்பாட்டினேன். அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே காபி குடித்தாள். போகும் வழியில் ரேடியோவை அணைக்கச் சொன்னேன். ஹாரன் அடிக்காதே என்றேன். பேட்டரி, இஞ்சின், புகை என்று ஏதோ சம்பந்தம் சொன்னேன். இப்போது கேட்டால் எனக்கே புரியாது.

பக்கத்துப் பெட்ரோல் பங்க் மூலையில் ஒரு தகர அறை. அதில் மஞ்சண்ணா என்ற நடுத்தர வயதுக்காரர் எமிஷன் டெஸ்ட் நடத்திவந்தார். சிநேகமான மனிதர், கன்னடக்காரர். தமிழ் புரியும், பேசமாட்டார். ஒயர் கட்டிய கம்பியைச் சைலன்சருக்குள் விட்டு, "ரேஸ் கொடி அக்கா" என்றார், ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கச் சொல்லி. அக்கா இரும்புக் கோலைத் திருப்பினாள். குழாயிலிருந்து முதலில் வந்தது சோப்பு நுரை. மூன்று நான்கு குமிழிகள் பங்கின் மேல் அழகாகப் பறந்தன. மஞ்சண்ணா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வயதுக்கு மரியாதை.

புகை அளவு எல்லைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. "இஞ்சின் தண்ணகிதே, ஒந்து ரவுண்டு ஹொட்கொண்டு பன்னி" என்றார். இஞ்சின் சூடாகவில்லை, ஒரு சுற்றுப் போய் வாருங்கள், சரியாகிவிடும். அவ்வளவுதான் விஷயம். அக்கா சரி என்று கிளம்பினாள். எனக்கு மட்டும் அவர் சொன்னது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்கிற மாதிரி காதில் விழுந்தது.

ரிங் ரோட்டில் அரைமணி நேரம் ஓட்டினோம். கண்ணாடியை ஏற்றச் சொன்னேன், உள்ளே சூடு இருந்தால் இஞ்சினுக்கும் பரவுமே என்று. இஞ்சின் சூடானதோ இல்லையோ, அக்கா சூடாகிவிட்டாள். "டேய், நீ வாய மூடிக்கிட்டு வந்தாலே வண்டியில பாதிப் புகை குறையும்" என்றாள்.

திரும்பி வந்தால் ஆறு ஆட்டோக்கள் வரிசையில் நின்றன. மணி பத்தாகப் போகிறது. முன்னால் நின்ற ஆட்டோக்காரருக்கு நாங்கள் தமிழில் சண்டை போட்டது காதில் விழுந்திருக்க வேண்டும். இறங்கி வந்தார். முருகேசன், தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளி என்கிற ஊர்க்காரர். அக்கா கையிலிருந்த இரும்புக் கோலைப் பார்த்தார், டேஷ்போர்டில் இருந்த ஆர்.டி.ஓ. காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. பின்னால் திரும்பி, "அக்கா வண்டி முன்னால போகட்டும்ப்பா" என்று கன்னடத்தில் குரல் கொடுத்தார். ஆறு ஆட்டோவும் விலகி வழிவிட்டன. அந்த நேரம் ரோட்டில் ஒரு லாரி போயிற்று. அது விட்டுச்சென்ற கறுப்பில் 'புகைப் பரிசோதனை நிலையம்' என்ற போர்டே ஒரு நிமிஷம் காணாமல் போனது. அந்த லாரியிடமும் சான்றிதழ் இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டும்.

மறுபடி கம்பி உள்ளே போனது. அக்கா கோலைத் திருப்பினாள். மஞ்சண்ணா திரையைப் பார்த்தபடி நின்றார், நான் அவர் தோளுக்குப் பின்னால். எண் இறங்கிக்கொண்டே வந்தது. "இன்னொந்து நிமிஷ" என்றார். ஒரு மனிதன் ஒரு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். இதைவிடச் சுலபமான வேலையை உலகம் எனக்குத் தந்ததில்லை.

என் கண் தன் வேலையைச் செய்தது. மிஷினின் பக்கவாட்டில், ஒரு சாமி படத்துக்குக் கீழே, ஸ்டிக்கர். மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதி தாண்டி நாலு நாள் ஆகியிருந்தது.

அப்போது எனக்குள் பொங்கியதை நான் மறைக்கப்போவதில்லை, அது சந்தோஷம். காலையிலிருந்து என்னைக் கைகட்டி நிற்கவைத்த மிஷின் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. அப்படியானால் முதல் டெஸ்ட் தப்பு. தப்பு எங்கள் கார் மேல் இல்லை. தொழிற்சாலையில் சரக்கு கொண்டுவருகிறவர்களை நடுங்கவைக்கிற குரல் ஒன்று எனக்கு உண்டு. அந்தக் குரலில், பங்க் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"மஞ்சண்ணா, உங்க மிஷின் கேலிபரேஷன் முடிஞ்சு நாலு நாளாச்சே. இதுல எடுக்கற டெஸ்ட் எதுவும் செல்லாதே."

கார்க் கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

மஞ்சண்ணா குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தார். விரலால் தேதியைத் தடவினார். பிறகு திரையைக் காட்டினார். எண் எல்லைக்குக் கீழே வந்து நின்றிருந்தது. பட்டனை அழுத்துவதற்கு அவர் விரலை நீட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்த விரலை மடக்கிக்கொண்டார். சைலன்சரிலிருந்து கம்பியை உருவினார். மிஷினை அணைத்தார்.

"சும்மா சொன்னேன் மஞ்சண்ணா" என்றேன். "நாலு நாள்லாம் ஒரு கணக்கா?"

"ஆகல்ல சார்" என்றார், முடியாது என்று. பிறகு அவர் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நீங்க சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. சொன்னதுக்கப்புறம் தெரியாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

இந்த வாக்கியத்தை நான் எங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். புதிதாகச் சேருகிற பையன்களுக்கு வருடாவருடம் நானே சொல்லிக் கொடுப்பது. கண்ணில் பட்ட குறையைப் படாததாக எழுதக் கூடாது. முப்பது வருடத்தில் அதை உண்மையாகவே கடைப்பிடிக்கும் ஒரு ஆளை முதன்முதலாகச் சந்தித்தேன். அவர் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யவில்லை.

அடுத்து நான் செய்ததைத்தான் நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கெஞ்சினேன். நாலு நாளில் எந்த மிஷினும் கெட்டுப்போகாது என்றேன். இதெல்லாம் ஒரு சம்பிரதாயம் என்றேன். எங்கள் தொழிற்சாலையிலேயே ஒரு வாரம் வரை சலுகை உண்டு என்று பச்சைப் பொய் சொன்னேன். (அரைநாள் தாண்டியதற்காக ஒருவனை மெமோ கொடுத்து அழவைத்தவன் நான்.) மஞ்சண்ணா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். இப்போது சொன்னதை எழுதி, என் பெயர், உத்தியோகம் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் டெஸ்ட் எடுப்பதாகச் சொன்னார்.

நான் பேனாவைப் பார்த்தேன். பேனா என்னைப் பார்த்தது.

சரிபார்க்கும் ஆள் பெங்களூரிலிருந்து சனிக்கிழமைதான் வருவாராம். தகர அறைக்குப் பூட்டு விழுந்தது. ஆறு ஆட்டோக்காரர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு அவசரம் இருந்தது. யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்கும் கத்த வசதியாக இருந்திருக்கும். முருகேசன் மட்டும் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க சார், புகையத்தானுங்க டெஸ்ட் பண்ண வந்தோம்? மிஷின டெஸ்ட் பண்ணச் சொல்லி உங்கள யாருங்க கூப்புட்டது?"

அடுத்த எமிஷன் நிலையம் ஊரின் மறுபக்கம். காலையில் நான் அணைக்கச் சொன்ன ரேடியோவைப் போட்டுக்கொண்டு அக்கா ஓட்டினாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தபோது பதினொன்றேகால். எங்களுக்கு முன்னால் அதே ஆறு ஆட்டோக்கள் நின்றன. அவர்களுக்குச் சந்து தெரியும், எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வருவதற்குள் என் புகழும் வந்து சேர்ந்திருந்தது. அங்கே டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டதும் மிஷினைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

முருகேசன் மறுபடி இறங்கி வந்தார். இந்த முறை என் பக்கம் வரவேயில்லை. அக்காவின் ஜன்னலில் குனிந்தார்.

"அக்கா, நீங்க முன்னால போங்க. நாங்க பேசிக்கிட்டோம். சார மட்டும் எறங்கி அந்த மரத்தடியில நிக்கச் சொல்லுங்க. இந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்னு சொல்லுங்க."

"எறங்குடா" என்றாள் அக்கா.

ஐம்பத்திரண்டு வயது. மனைவி, ஒரு மகள், எனக்குக் கீழே பதினோரு பேர். இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போய், ஒரு புங்கமரத்தடியில் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எதிரே ஒரு மதில் சுவர். அதில் இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. போகிறவர்கள் எல்லாம் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். திரும்பவும் முடியாது, விளக்கவும் முடியாது. பின்னால் அக்காவின் இஞ்சின் சத்தம் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது. ஒரே டெஸ்ட். பாஸ். நான் இல்லாத இடத்தில் அந்தக் கார் சொக்கத் தங்கமாக நடந்துகொண்டது.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு ஐந்து. இன்ஸ்பெக்டர் பன்னிரண்டு வரை மைதானத்தில் நின்றுவிட்டு வேறு வேலையாகக் கிளம்பியிருந்தார். அவர் மேல் தப்பில்லை. கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டி, அடுத்த காலி நாள் இருபத்துமூன்று நாள் கழித்து என்றார். சனிக்கிழமையோடு பதிவு போய்விடும், அதற்குப் பிறகு இங்கே கொண்டுவந்து காட்டுவதற்குத் தவிர வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது என்பதையும் அவரே ஞாபகப்படுத்தினார். நான் கால் ஊனம், கல்லூரி வேலை என்று ஆரம்பித்தேன். அக்கா ஊன்றுகோலால் என் செருப்பை ஒரு தட்டுத் தட்டினாள். அவள் காலை வைத்து அவளுக்காக யாரும் கெஞ்சியது கிடையாது. நானும் கூடாது. "இருபத்திமூணு நாள்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

இருபத்துமூன்று நாள். எனக்குக் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். அவளுக்கு ஒன்பதரைக்குக் கல்லூரி. நான் லீவு போடுகிறேன் என்றேன், போடக் கூடாது என்றாள். முருகேசனின் நம்பரை அன்றைக்கே வாங்கி வைத்திருந்திருக்கிறாள். தினமும் அவர் ஆட்டோவில் போய்வந்தாள்.

அதை நான் ஒரே ஒரு நாள் பார்த்தேன். உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்த நாள், மருந்துக் கடைக்குப் போகும் வழியில் அக்கா வீட்டுத் தெருமுனையிலிருந்து பார்த்தேன். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றாள். ஆட்டோ வந்தது. ஊன்றுகோலை முருகேசனிடம் கொடுத்தாள். முதுகைக் காட்டி முதலில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி, வேறு யாருடையதோ போல உள்ளே வைத்தாள். புடவை மாட்டிக்கொண்டது. முருகேசன் அதுவரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு எல்லாம் சரியான பிறகு அவள் கையை நீட்ட, ஊன்றுகோலைக் கொடுத்தார். இருபது வருடமாக அந்தக் கோலை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. நான் மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் சனிக்கிழமை பெங்களூர் ஆள் வந்து மஞ்சண்ணாவின் மிஷினைச் சரிபார்த்திருக்கிறார். ஒரு மயிரிழைகூட விலகவில்லையாம். மஞ்சண்ணா புது ஸ்டிக்கரைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பிவைத்தார். கூடவே கும்பிடு போடும் பொம்மை ஒன்று. அது மரியாதைக்கா வேறு எதற்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் நின்ற காரிடம் இன்ஸ்பெக்டர் வந்தார். சேஸிஸ் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். விளக்கு, ஹாரன். இரும்புக் கோலை இரண்டு தரம் தள்ளிப் பார்த்து, நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றார். ஒரு காபி குடிக்கிற நேரம் ஆகியிருக்காது. கையெழுத்துப் போட்டு இன்னும் ஐந்து வருடம் கொடுத்துவிட்டார். எமிஷன் காகிதத்தை அவர் கையில்கூட வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் பச்சை டிக் இருக்கிறதாம், போதுமாம். நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? நான் எங்கே சொல்வது சார், கேட்டுக்கு வெளியே அல்லவா நின்றேன், இதெல்லாம் அக்கா வந்து சொன்னது.

இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்கா எமிஷன் டெஸ்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். என்றைக்குப் போகிறாள் என்று எனக்குச் சொல்வதில்லை. முடிந்த பிறகு, எங்கள் வீட்டுக்கு அவள் வருகிற ராத்திரி சாப்பாட்டில் பேச்சோடு பேச்சாக வரும். துணைக்குக் கௌதள்ளி முருகேசன் போகிறார் என்று மகள் மூலம் தெரிந்தது. எங்கள் வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி, "நீங்க மரத்தடிக்குப் போய்ட்டு வாங்க" என்கிறாள். எங்கள் தெருவில் மரமே கிடையாது. மொட்டை மாடிக்குப் போய் நிற்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தவள், கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினாள். நான் என் போனிலிருந்து கூப்பிட்டேன். சோபா மெத்தைக்கு அடியில் அடித்தது. எடுத்துப் பார்த்தால் திரையில் 'மரத்தடி' என்று ஒளிர்கிறது.

"ஏங்க்கா, தம்பின்னு போட்டு வெச்சா ஆகாதா?" என்று கேட்டேன்.

போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அந்தப் பேர்ல ஏற்கெனவே கௌதள்ளி நம்பர் ஒண்ணு இருக்குடா" என்றாள்.